அல்பினஸ் எழுதிய கடிதம்: போயித்தியஸ் வழக்கு, கி.பி. 523–526

கி.பி. 523. வடக்கு இத்தாலியில் வெரோனா நகரம். முப்பது ஆண்டுகளாக இத்தாலியை ஆண்டுவரும், ஜெர்மானிய இனத்தாரான கோத்தியரின் அரசர் தியோடெரிக், வயது எழுபதை நெருங்கியவர், தம் அவையில் ஒரு முறையீட்டைக் கேட்கிறார். முறையிடுபவர் சிப்ரியன். மனுக்களையும் வழக்குகளையும் அரசர் முன் எடுத்துச் சொல்வது அவருடைய பதவி. அவர் சொல்வது இது: முன்னாள் கான்சலும் (ஆண்டுக்கு இருவர் வகிக்கும் உயர்பதவி அது) ரோம் செனட்டின் மூத்த உறுப்பினருமான அல்பினஸ், கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் இருக்கும் பேரரசர் ஜஸ்டினுக்குத் தியோடெரிக்கின் ஆட்சிக்கு எதிராகக் கடிதம் எழுதியிருக்கிறார்.

அல்பினஸ் மறுத்தார். அத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு தனி மனிதரின் வழக்காகவே இருந்திருக்கும். அப்போது அரண்மனை அலுவலகங்கள் அனைத்துக்கும் தலைவராக இருந்த போயித்தியஸ் குறுக்கிட்டார். பெயர் தெரியாத ஒரு வரலாற்றுக் குறிப்பாளர் அவர் சொன்னதை இப்படிப் பதிவு செய்திருக்கிறார்: “சிப்ரியனின் குற்றச்சாட்டு பொய். அல்பினஸ் அதைச் செய்திருந்தால், நானும் செனட் முழுவதும் ஒரே மனதாக அதைச் செய்தோம். அது பொய், அரசே.”

அல்பினஸைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தைகள் அவை. சிப்ரியன் சற்றுத் தயங்கினார், பிறகு அல்பினஸுக்கு எதிராக மட்டுமல்லாமல் போயித்தியஸுக்கு எதிராகவும் சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்கிறது அதே குறிப்பு. ஓராண்டு கழிவதற்குள் போயித்தியஸ் கொல்லப்பட்டார்.

இந்தக் கதை பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சொல்லப்படுகிறது. ஒரு பக்கம் அறிவாளி, மறுபக்கம் நாகரிகமில்லாத அரசன். அரசன் அறிவாளியைக் கொன்றான். போயித்தியஸை நான் மிகவும் மதிக்கிறேன். சிறையில் அவர் எழுதிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் படிக்கப்பட்டு வருகிறது. ஆனாலும் அந்தக் கதை எனக்கு நிறைவளிக்கவில்லை. அதே அரசர் முப்பது ஆண்டுகள் அதே செனட்டர்களுடன் ஒற்றுமையாக ஆண்டிருக்கிறாரே! கான்ஸ்டான்டினோபிளுக்குக் கடிதம் எழுதுவதும் புதிய பழக்கம் அல்ல, செனட்டர்கள் எப்போதும் எழுதிவந்தார்கள். அந்தக் கடிதம் 523இல் எப்படி ராஜத் துரோகம் ஆனது என்பதுதான் இந்த வழக்கில் கேட்கவேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

எழுதாத உடன்படிக்கை

476இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசனான சிறுவன் ரொமுலஸைப் பதவியிலிருந்து இறக்கிய படைத்தலைவர் ஓடோவாக்கர், பேரரசுச் சின்னங்களைக் கான்ஸ்டான்டினோபிளுக்கே அனுப்பிவைத்தார். இனி இத்தாலிக்குத் தனிப் பேரரசர் தேவையில்லை என்பது அதன் பொருள். ரோம் செனட் கலையவில்லை. கான்சல்கள் நியமிக்கப்பட்டார்கள், வரி வசூலானது, நிலம் யாரிடம் இருந்ததோ பெரும்பாலும் அவரிடமே இருந்தது.

488இல் கிழக்குப் பேரரசர் ஜீனோ, தம் எல்லைக்குள் தொல்லையாக இருந்த தியோடெரிக்கை ஓடோவாக்கருக்கு எதிராக இத்தாலிக்கு அனுப்பினார். தியோடெரிக் சிறுவயதில் பிணையாளாகக் கான்ஸ்டான்டினோபிளில் பத்து ஆண்டுகள் வளர்ந்தவர். 484இல் கான்சலாகவும் இருந்தவர். ரோமின் நடைமுறை அவருக்குப் புதிதல்ல. நான்கு ஆண்டுப் போருக்குப் பின் 493 மார்ச்சில், சமாதானம் பேசி ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டு, விருந்துக்கு அழைத்து, ஓடோவாக்கரைத் தம் கையாலேயே வெட்டிக் கொன்றார்.

அடுத்து அவர் செய்யப்போன காரியமும் கடுமையானது. ஓடோவாக்கர் பக்கம் நின்ற ரோமர்கள் உயில் எழுதும் உரிமையையும் தங்கள் சொத்தைத் தாங்களே ஆளும் உரிமையையும் இழப்பார்கள் என்று அறிவித்தார். நிலத்தையும் வம்சத்தையும் நம்பி வாழ்ந்த மேட்டுக்குடிக்கு இது உயிரை எடுப்பதற்குச் சமம். பவியாவின் ஆயர் எபிஃபானியஸும் மிலானின் ஆயர் லாரன்ஷியஸும் அரசரின் தலைநகரான ராவென்னாவுக்குப் போய் மன்றாடினார்கள். அரசர் ஆணையைத் திரும்பப் பெற்றார். அரசருக்கும் மேட்டுக்குடிக்கும் இடையிலான உடன்படிக்கை அன்றுதான் தொடங்கியது என்று நான் கருதுகிறேன். அதை யாரும் ஏட்டில் எழுதவில்லை. ஆனால் தன் எல்லை எது என்பது இரு தரப்புக்குமே அன்று புரிந்துவிட்டது.

உடன்படிக்கையின் உள்ளடக்கம் எளிதானது. படை கோத்தியருடையது. வரி, நீதி, கடிதப் போக்குவரத்து, தானிய வழங்கல் என்று எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாம் ரோமருடையது. படைக்கு நிலம் ஒதுக்கும் சிக்கலான வேலையை லிபீரியஸ் என்பவரிடம் அரசர் ஒப்படைத்தார். லிபீரியஸ் கடைசிவரை ஓடோவாக்கரை விட்டு விலகாதவர். அந்த விசுவாசமே அவருடைய தகுதி என்று எடுத்துக்கொண்டது தியோடெரிக்கின் பெருந்தன்மை, கூடவே நல்ல கணக்கும்கூட. லிபீரியஸ் பெரிய கலகம் எதுவும் இல்லாமல் அந்த வேலையை முடித்தார்.

500ஆம் ஆண்டு அரசர் ரோமுக்கு வந்தார். செனட்டும் மக்களும் நகருக்கு வெளியே வந்து எதிர்கொண்டார்கள். முந்தைய பேரரசர்கள் நிறுவிய எல்லாவற்றையும் காப்பேன் என்று மக்கள் முன் வாக்களித்தார். அந்த வாக்கு வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டது. ஏழைகளுக்கு ஆண்டுக்கு 1,20,000 மோடி தானியம் ஒதுக்கினார். மோடி என்பது ரோமரின் முகத்தல் அளவை. மதில்களுக்கும் அரண்மனைக்கும் பழுதுபார்க்கப் பணம் தந்தார். ரோமர்கள் அவரைப் பழைய பேரரசர்களான டிராஜனோடும் வாலன்டினியனோடும் ஒப்பிட்டார்கள். போயித்தியஸின் மாமனார் சிம்மாக்கஸ், பழைய ரோமப் படைத்தலைவர் பாம்பே ரோமில் கட்டிய நாடக அரங்கைப் பழுதுபார்த்தபோது அதற்கான செலவை அரசே ஏற்றது. பழைய குடும்பத்தின் பெருமையும் அரசரின் பெருமையும் அந்த ஒரே கட்டடத்தில் சேர்ந்து நின்றன.

இந்த உறவுக்குள் இருந்த கூச்சத்தை அரசர் நன்றாக அறிந்திருந்தார். ஏழை ரோமன் கோத்தியனைப் போல நடக்கிறான், வசதியுள்ள கோத்தியன் ரோமனைப் போல நடக்கிறான் என்று அவர் சொல்வதுண்டாம்.

தண்ணீர்க் கடிகாரம் கேட்ட அரசர்

போயித்தியஸின் தந்தை 487இல் கான்சலாக இருந்தார். தந்தை சீக்கிரமே இறந்துவிட, சிம்மாக்கஸ் அந்தச் சிறுவனைத் தம் வீட்டுக்கு எடுத்து வளர்த்தார். சிம்மாக்கஸ் 485இன் கான்சல், ஏழு பகுதிகளில் ரோம வரலாறு எழுதியவர். நான்காம் நூற்றாண்டின் பெயர்பெற்ற பேச்சாளர் சிம்மாக்கஸின் வழிவந்தவர். தம் மகள் ரஸ்டிசியானாவைப் போயித்தியஸுக்கு மணம்செய்து கொடுத்தார். பெண் கொடுத்தவர், வளர்த்தவர், ஆசான் எல்லாம் ஒருவரே. இந்தப் பிணைப்பு எவ்வளவு ஆழமானது என்பதைப் பின்னால் நடந்தவை காட்டும்.

பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் முழுமையாக லத்தீனுக்குக் கொண்டுவந்து, இரண்டு பேரும் அடிப்படையில் முரண்படவில்லை என்று காட்டவேண்டும் என்பது போயித்தியஸ் தமக்கு வைத்துக்கொண்ட வேலை. மேற்கில் கிரேக்கம் மறைந்துகொண்டிருந்தது என்பதை உணர்ந்த மனிதரின் அவசரம் அது. முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களின் மொழிபெயர்ப்பும் கணிதம், இசை பற்றிய நூல்களும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. பல நூற்றாண்டுகள் ஐரோப்பா அரிஸ்டாட்டிலை அறிந்தது பெரும்பாலும் அந்தப் பக்கங்கள் வழியாகத்தான்.

அரசர் அவருக்கு அனுப்பிய கடிதங்கள் கையில் இருக்கின்றன. அரசருக்காக அவற்றை எழுதியவர் காசியோடோரஸ் என்ற இன்னொரு ரோமர். பர்கண்டிய அரசர் குண்டோபாட் தண்ணீர்க் கடிகாரமும் சூரியக் கடிகாரமும் கேட்கிறார், செய்துகொடுங்கள் என்கிறது ஒன்று. பிராங்கியரின் அரசர் குளோவிஸுக்கு நல்ல யாழ் வாசிப்பவரைத் தேடி அனுப்புங்கள் என்கிறது மற்றொன்று. காவல்படைக்குக் கொடுக்கும் காசில் மோசடி இருக்கிறதாம், பார்த்துச் சொல்லுங்கள் என்கிறது இன்னொன்று. இவை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மற்ற அரசர்களிடம் இல்லாத ஒன்று தம்மிடம் இருக்கிறது என்று காட்ட தியோடெரிக்குக்கு இப்படிப்பட்டவர்கள் வேண்டியிருந்தார்கள்.

510இல் போயித்தியஸ் கான்சல். 522இல் அவருடைய இரண்டு மகன்களும், இளம் பிள்ளைகள், ஒரே ஆண்டில் கான்சல்கள். ஆண்டுக்கே பெயர் தரும் பதவி அது. வழக்கமாக ஒருவரைக் கிழக்கும் ஒருவரை மேற்கும் நியமிக்கும். இரண்டு இடத்தையும் ஒரே வீட்டுக்கு விட்டுக்கொடுத்தால் கான்ஸ்டான்டினோபிளும் அதற்கு இசைந்தது என்றுதான் பொருள். அன்று செனட்டர்கள் சூழ, மக்கள் ஆரவாரிக்க, மகன்கள் வீட்டிலிருந்து புறப்பட்டதையும், பந்தயத் திடலில் தாம் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்ததையும், செனட்டில் அரசரைப் புகழ்ந்து தாம் பேசியதையும் சிறையில் இருந்தபடி அவர் நினைத்துப் பார்க்கிறார். படிக்கும்போது மனம் கனக்கிறது. அந்த ஆண்டேதான் அவர் அரண்மனைத் தலைமைப் பதவியை ஏற்று ராவென்னாவுக்குப் போனார்.

என் பார்வையில் அவருக்குத் தீங்காக முடிந்த பெருமை இதுதான். அரசர் தந்த பெருமை என்றே எல்லோரும் பார்த்தார்கள். அதில் பாதி கிழக்கிலிருந்து வந்தது என்பதை, சந்தேகம் மூண்ட நாளில் அரசர் நினைத்துப் பார்க்காமல் இருந்திருப்பாரா?

கடல் கடந்த மூன்றாமவர்

அரசர், மேட்டுக்குடி என்று இரண்டு தரப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வழக்கு விளங்காது. மூன்றாவது தரப்பு கான்ஸ்டான்டினோபிளில் இருந்தது.

தியோடெரிக்கின் ஆட்சிக்கு 497இல் பேரரசர் அனஸ்டேசியஸின் ஏற்பு கிடைத்தது. அதைப் பேசி முடித்தவர் ஃபெஸ்டஸ் என்ற செனட்டர். ஓடோவாக்கர் அனுப்பிவைத்த அரண்மனை அணிகலன்களும் அப்போது திரும்பிவந்தன. ஆக, கிழக்கோடு பேசும் செனட்டர் அரசருக்கு எதிரி அல்ல, அரசரின் கருவி.

இதைச் சாத்தியமாக்கியது சமயப் பிளவு. 484 முதல் ரோம் திருச்சபையும் கான்ஸ்டான்டினோபிள் திருச்சபையும் உறவை முறித்துக்கொண்டிருந்தன. தியோடெரிக்கும் கோத்தியரும் ஆரியஸ் என்ற பழைய இறையியலாளரின் வழியில் நடந்தவர்கள். கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்கு நிகரானவர் அல்லர் என்பது அந்தக் கொள்கை. (நம்மிடையே வழங்கும் ‘ஆரியர்’ என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) ரோமர்கள் கத்தோலிக்கர்கள். அரசரோடு அவர்களுக்கு மதம் ஒத்துப்போகவில்லை, பேரரசரோடும் ஒத்துப்போகவில்லை. இந்த இரட்டை விலகலின் நடுவே தியோடெரிக் பாதுகாப்பாக இருந்தார். 498இல் ஒரே நாளில் இரண்டு போப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டு ரோம் தெருக்களில் ரத்தம் சிந்தியபோது, இரு தரப்பும் தீர்ப்புக் கேட்டு வந்தது அவரிடம்தான். வேற்று மதத்தவர் என்பதே அவரை நடுவர் ஆக்கியது.

519இல் புதிய பேரரசர் ஜஸ்டின் பிளவை முடித்துவைத்தார். ரோமுக்கு அது பெருமகிழ்ச்சி. தியோடெரிக்கும் அதைத் தடுக்கவில்லை. அந்த ஆண்டில் அவருடைய மருமகன் யூத்தாரிக் பேரரசருடன் சேர்ந்து கான்சல் ஆனார், ஆயுதம் அளித்து மகனாக ஏற்கும் வழக்கப்படி ஜஸ்டின் அவரைத் தம் படைக்கல மகனாகவும் ஏற்றுக்கொண்டார். தியோடெரிக்குக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் அமலசுந்தாவின் கணவனான யூத்தாரிக்தான் அடுத்த அரசர். வாரிசுரிமையைப் பேரரசரே ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது. எல்லாம் கூடிவந்த ஆண்டு அது.

பிறகு அடுத்தடுத்து விழுந்தன அடிகள். 522இல் பர்கண்டிய அரசர் சிகிஸ்மண்ட் தம் மகனையே கொன்றார். அந்தப் பிள்ளை தியோடெரிக்கின் பேரன். அடுத்த ஆண்டு வட ஆப்பிரிக்காவை ஆண்ட வண்டல் (Vandal) இனத்தாரின் அரசர் திராசமுண்ட் இறந்தார். அவருடைய மனைவி அமலஃபிரிடா தியோடெரிக்கின் தங்கை. புதிய அரசர் ஹில்டெரிக் கான்ஸ்டான்டினோபிளுக்கு வேண்டியவர். அமலஃபிரிடாவைச் சிறையில் அடைத்து, அவருடன் வந்திருந்த கோத்தியரைக் கொன்றார். இதற்கிடையே யூத்தாரிக்கும் இறந்துபோனார், சிறு பிள்ளை அதலரிக்கை விட்டுவிட்டு. கிழக்கில் ஆரியஸ் வழியினர் மீது நெருக்கடி தொடங்கியது, அவர்களுடைய கோயில்கள் பறிக்கப்பட்டன.

வயதான அரசர், வாரிசு குழந்தை, திருமண உறவுகளால் கட்டிய அரண் இடிந்துவிட்டது, பேரரசருக்கும் ரோமருக்கும் இடையே இருந்த மதச் சுவரும் இல்லை. இனி செனட்டர் ஒருவர் கிழக்குக்கு எழுதினால் அது திருச்சபை விவகாரம்தான் என்று எப்படி நம்புவது? தாம் இறந்தபின் இத்தாலி யாருக்கு என்பதுதான் எல்லாக் கடிதங்களின் உள்ளுறைப் பொருள் என்று தியோடெரிக்குக்குத் தோன்றியிருக்கும். அல்பினஸ் கிழக்குக்கு எழுதியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தால் அதே வரிகளுக்காக யாரும் அவரை வெரோனாவில் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

சந்தேகம் அப்போது பரவலாகவே இருந்தது. ரோமர் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, சிறு கத்தி கூட ஆகாது என்று அரசர் ஆணையிட்டதாக நான் முன்பு சொன்ன குறிப்பாளர் எழுதுகிறார்.

குதிரை மேல் அமர்ந்து வழக்கு சொன்னவர்

சிப்ரியனை வெறும் கோள்மூட்டி என்று விட்டுவிடுவது எளிது. போயித்தியஸ் அப்படித்தான் நினைத்தார். ஆனால் சிப்ரியன் யார் என்று பார்த்தால் வழக்கின் இன்னொரு பக்கம் தெரியும். அவரும் ரோமர்தான். லத்தீன், கிரேக்கம், கோத்திய மொழி மூன்றும் அறிந்தவர். போருக்குப் போனவர், கான்ஸ்டான்டினோபிளுக்குத் தூது போனவர். அரசர் மாளிகையில் அடைந்துகிடக்கப் பிடிக்காமல் குதிரையேறிப் போகும்போது, கூடவே சவாரி செய்தபடி வழக்குகளைச் சுருக்கிச் சொல்வாராம். தம் பிள்ளைகளுக்குக் கோத்திய மொழி கற்பித்தார். ரோமப் பிள்ளைகள் நம் மொழி பேசுகிறார்களே என்று அரச கடிதம் ஒன்று மகிழ்கிறது.

ரோமர் எல்லோரும் ஒரே கூட்டம் அல்ல. சிம்மாக்கஸ், போயித்தியஸ் போன்றோரின் மதிப்பு அரசர் வருவதற்கு முன்பே இருந்தது, அவர் போனபின்பும் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். சிப்ரியன் போன்றோரின் மதிப்பு முழுக்க அரசரின் பார்வையில் இருந்தது. முதல் வகையினர் ரோமில் தங்கள் நூலகங்களுக்கு நடுவே வாழ்ந்து, அழைத்தால் ராவென்னாவுக்கு வருவார்கள். இரண்டாம் வகையினர் ராவென்னாவை விட்டு நகர மாட்டார்கள். போயித்தியஸ் முதல் வகையில் பிறந்து இரண்டாம் வகையினரின் கோட்டைக்குத் தலைவராகப் போய் உட்கார்ந்தவர்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவுமில்லை. எளியவர்களின் சொத்தைச் சூறையாடிய கோனிகாஸ்ட், அரண்மனை அதிகாரி திரிக்குவில்லா ஆகியோரைத் தாம் தடுத்ததை அவரே எழுதுகிறார். பஞ்ச காலத்தில் கம்பானியா மாகாணத்தில் அரசுக்குக் கட்டாய விலைக்குத் தானியம் விற்கவேண்டும் என்று உத்தரவானபோது, மாகாணமே அழிந்துவிடும் என்று அரசர் முன் வாதாடி நிறுத்தினார். பாலினஸ் என்ற முன்னாள் கான்சலின் சொத்தை விழுங்கக் காத்திருந்த “அரண்மனை நாய்களின்” வாயிலிருந்து அதைப் பிடுங்கினார். அந்த வசை அவருடையது. நியாயமான செயல்கள்தான் எல்லாம். ஆனால் ஒவ்வொன்றும் அரண்மனைக்குள் ஒரு பகையை உண்டாக்கியது. கீழ்நிலை அதிகாரிகளை நாய்கள் என்று எண்ணும் பெருங்குடிச் செருக்கும் அவரிடம் இருந்தது. அதை மறைத்தால் அவரை அறிந்தவர்கள் ஆகமாட்டோம்.

விசாரணை இல்லாத தீர்ப்பு

போயித்தியஸுக்கு எதிராகச் சொன்னவர்கள் மூவர் என்று அவர் பெயரோடு எழுதுகிறார். பசீலியஸ், அரச சேவையிலிருந்து நீக்கப்பட்டுக் கடனில் மூழ்கியவர். ஒப்பீலியோ, சிப்ரியனின் சகோதரர். கவுடென்ஷியஸ். பின்னிருவரும் மோசடிகளுக்காக நாடுகடத்தப்பட ஆணையானவர்கள். கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். குறித்த நாளுக்குள் ராவென்னாவை விட்டுப் போகாவிட்டால் நெற்றியில் சூடு போட்டுத் துரத்துவோம் என்று அரசர் எச்சரித்திருந்தார். அதே நாளில்தான் அவர்களுடைய புகார் ஏற்கப்பட்டது என்கிறார் போயித்தியஸ்.

குற்றச்சாட்டுகள் மூன்று. செனட்டுக்கு எதிரான ஆவணங்களை ஒருவர் கொண்டுவருவதைத் தடுத்தார். ரோமின் விடுதலையை விரும்பிக் கடிதம் எழுதினார். பதவிக்காக மாந்திரீகத்தில் ஈடுபட்டார். முதலாவதை அவர் மறுக்கவே இல்லை: செனட் பிழைத்திருக்க வேண்டும் என்று விரும்பினேன், இனியும் விரும்புவேன் என்கிறார். கடிதங்கள் போலி என்கிறார். இனி எந்த விடுதலையை எதிர்பார்ப்பது, அப்படி ஒன்று இருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். அப்படி ஒரு சதி நடந்திருந்தால், கொடுங்கோலன் கலிகுலாவுக்கு முன்பு ஒருவர் சொன்ன பதிலையே தாமும் சொல்லியிருப்பாராம்: “எனக்குத் தெரிந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது.” எத்தனை முறை படித்தாலும் இந்த வரியில் நான் நின்றுவிடுகிறேன். சதியை மறுக்கும் வாக்கியத்துக்குள்ளேயே, சதி நியாயமாக இருந்திருக்கும் என்ற தீர்ப்பும் இருக்கிறது. தியோடெரிக் அதைப் படித்ததில்லை. ஆனால் அந்த மனநிலையை மோப்பம் பிடித்திருக்கக் கூடும்.

மாந்திரீகக் குற்றச்சாட்டு அவரை மிகவும் புண்படுத்தியது. தத்துவம் படித்ததே அதற்குச் சான்றாகிவிட்டது என்று வருந்துகிறார். வானியல், கணிதம், நேரம் காட்டும் கருவிகள் என்று அரசர் ஒரு காலத்தில் புகழ்ந்த அதே அறிவு இப்போது குற்றத்தின் அடையாளம்.

இங்கே ஓர் ஒப்பீடு அவசியம். 510–511 வாக்கில் பசீலியஸ், பிரீடெக்ஸ்டாடஸ் என்ற இரு செனட்டர்கள் மீதும் மாந்திரீகக் குற்றம் வந்தது. அப்போது தியோடெரிக் ஐந்து செனட்டர்களை நியமித்து, நகர ஆளுநருடன் சேர்ந்து முறைப்படி விசாரிக்கச் சொன்னார். அந்த ஐவரில் சிம்மாக்கஸும் ஒருவர். செனட்டரைச் செனட்டர்கள்தான் விசாரிக்க வேண்டும் என்ற பழைய உரிமையை அரசர் மதித்தார். போயித்தியஸ் வழக்கிலோ, நகர ஆளுநர் யூசிபியஸைப் பவியாவுக்கு அழைத்து, குற்றவாளியின் பேச்சைக் கேட்காமலே தீர்ப்பு எழுதவைத்தார் என்கிறது குறிப்பு. கிழக்கின் வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்: தம் குடிகளுக்குத் தியோடெரிக் செய்த முதலும் கடைசியுமான அநீதி இது, வழக்கம்போல் தீர விசாரிக்காமல் தண்டித்துவிட்டார்.

செனட் என்ன செய்தது? போயித்தியஸ் ரோமிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு மைல் தொலைவில் அடைபட்டுக் கிடக்க, அவருக்கு மரணமும் சொத்துப் பறிமுதலும் விதிக்கும் தீர்மானத்தை செனட் ஏற்றது. எந்த அவையைக் காப்பாற்ற “செனட் முழுவதும்” என்று சொன்னாரோ அந்த அவை! அவர்களைக் கோழைகள் என்று திட்டலாம். ஆனால் அவருடைய அந்தச் சொல்லே அவர்களை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். அவரைக் கைவிடாவிட்டால், அவர் சொன்னது உண்மை, எல்லோரும் சேர்ந்துதான் எழுதினோம் என்று ஆகிவிடும். அவரைக் குற்றவாளி என்பது ஒன்றுதான் தாங்கள் குற்றமற்றவர்கள் என்று காட்ட அவர்களுக்கு மிஞ்சிய வழி.

524இல், தலையைச் சுற்றிக் கயிறு கட்டி, கண்கள் பிதுங்கும்வரை முறுக்கி, பிறகு தடியால் அடித்துக் கொன்றார்கள். கால்வென்சியானம் என்ற இடத்தில் நடந்தது. பவியாவில் உள்ள தங்க விதானத்துத் தூய பேதுரு கோயிலில் இன்றும் அவர் எச்சங்கள் இருக்கின்றன.

போயித்தியஸ் வகித்த அரண்மனைத் தலைமைப் பதவிக்கு அடுத்து வந்தவர் காசியோடோரஸ், தண்ணீர்க் கடிகாரக் கடிதத்தை எழுதியவர். அவர் பின்னாளில் தொகுத்த 468 கடிதங்களில் போயித்தியஸின் வீழ்ச்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிப்ரியனைக் கருவூலத்தின் தலைவராக நியமித்துப் புகழும் கடிதம் இருக்கிறது. ஆனால் தம் குடும்பத்து அறிஞர்களைப் பற்றிக் காசியோடோரஸ் எழுதிய ஒரு சிறு குறிப்பு மிஞ்சியிருக்கிறது. அதில் சிம்மாக்கஸ், போயித்தியஸ் இருவரின் பெயரையும் அவர்களுடைய நூல்களையும் மரியாதையோடு எழுதி, அடுத்துத் தம் பெயரை வைக்கிறார். அவரால் முடிந்த அஞ்சலி அவ்வளவுதான் போலிருக்கிறது.

மீன் தலை, சிலைகள்

அடுத்த ஆண்டு சிம்மாக்கஸின் முறை. மருமகனை இழந்த துக்கத்தில் ஏதாவது செய்துவிடுவார் என்ற அச்சத்தில் அரசர் அவரை ரோமிலிருந்து ராவென்னாவுக்கு வரவழைத்துக் கொன்றார். போப் முதலாம் யோவானைக் கான்ஸ்டான்டினோபிளுக்குத் தூது அனுப்பினார்: ஆரியஸ் வழியினரைத் துன்புறுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று. கிழக்கில் போப்புக்குக் கிடைத்த பெரும் வரவேற்பே அரசரின் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தது. திரும்பி வந்தவர் காவலில் வைக்கப்பட்டு 526 மே 18 அன்று இறந்தார். ஆயிரம் கப்பல்கள் கட்ட ஆணை போயிற்று. அவை கடலுக்குப் போவதற்கு முன், ஆகஸ்ட் 30 அன்று வயிற்றுப்போக்கில் தியோடெரிக் இறந்தார். விருந்தில் வைத்த பெரிய மீனின் தலை, உதட்டைக் கடித்துக்கொண்டு தம்மை முறைக்கும் சிம்மாக்கஸின் தலையாக அவருக்குத் தெரிந்ததாம். நடுங்கிப் படுக்கையில் விழுந்து, தாம் செய்த பிழையைச் சொல்லி மருத்துவரிடம் அழுதாராம். புரோகோப்பியஸ் சொல்லும் கதை இது. அப்படியே நடந்ததோ இல்லையோ, அரசர் எந்த இரண்டு மரணங்களோடு போய்ச் சேர்ந்தார் என்பதில் மக்களுக்கு ஐயம் இல்லை என்பதை அது காட்டுகிறது.

மகள் அமலசுந்தா, சிறுவன் அதலரிக்கின் சார்பில் ஆட்சியை ஏற்றதும், பறித்த சொத்துகளைச் சிம்மாக்கஸ், போயித்தியஸ் இருவரின் பிள்ளைகளுக்கும் திருப்பிக் கொடுத்தாள். சிப்ரியனையும் தள்ளிவிடவில்லை; அவருக்குப் பெரும் பட்டம் கிடைத்தது, ஒப்பீலியோவுக்குக் கருவூலம் கிடைத்தது. இரு தரப்பையும் மீண்டும் ஒரே வண்டியில் பூட்டப் பார்த்தாள். 535இல் அவளே கொல்லப்பட்டாள். அதையே காரணமாகச் சொல்லி, ஜஸ்டினுக்கு அடுத்து வந்த பேரரசர் ஜஸ்டினியனின் படை இத்தாலிக்கு வந்தது. தியோடெரிக் பயந்த அந்த நாள் வந்தேவிட்டது. செனட்டர்கள் ஏங்கிய நாளும் அதுதான். 537இல் கோத்திய அரசர் விட்டிகிஸ் ராவென்னாவில் பிணையாக வைத்திருந்த செனட்டர்களைக் கொல்லச் சொன்னார்.

546 டிசம்பரில் கோத்திய அரசர் டோட்டிலா ரோமைப் பிடித்தபோது நகரில் எஞ்சிய பொதுமக்கள் சுமார் ஐந்நூறு பேர். பஞ்சத்தில் தம் கையிலிருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்ட முதிய செனட்டர் குலப் பெண்ணொருத்தி, அடிமைகள் உடுத்தும் கந்தலோடு, எதிரிகளின் வீட்டுக் கதவுகளைத் தட்டி ரொட்டி கேட்டாள். அவள் ரஸ்டிசியானா, சிம்மாக்கஸின் மகள், போயித்தியஸின் மனைவி. அவளைக் கொல்லவேண்டும் என்று கோத்தியர்கள் கேட்டார்கள். தந்தைக்கும் கணவனுக்கும் பழிவாங்க, பேரரசின் படைத்தலைவர்களுக்குப் பணம் கொடுத்துத் தியோடெரிக்கின் சிலைகளை உடைக்கவைத்தாள் என்பது அவள் மேல் குற்றம். அவளை யாரும் தொடக்கூடாது என்று டோட்டிலா உத்தரவிட்டார்.